எட்டு வயர்

தகரக் கூரையையும் மின்சாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்தவன் நான். எங்கள் பகுதியில் வெயில் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழை பெய்கிற மாதங்கள், மழை கூடுதலாகப் பெய்கிற மாதங்கள் என்று இரண்டுதான். அப்படிப்பட்ட இடத்தில் என் வீட்டுக்குள்ளேயே மகன் முன்னூற்று இருபது பல்புகளை இழுத்துக் கட்டத் தொடங்கியபோது நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். எட்டு வரிசை, வரிசைக்கு நாற்பது. எங்காவது ஒரு வயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால் வீடே ஒரு கம்பியாகிவிடும். கதவைத் திறக்கிறவன் செத்தான்.

“அப்பா, நீங்க எத்தன தடவ சொல்லுவீங்க?” என்றான் மகன்.

“நீ கேக்குற வரைக்கும் சொல்லுவேன்.”

“கேட்டுட்டேன். இப்ப அந்தக் கொறட்டை எடுங்க.”

வயர் வெட்டுகிற குறட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் என்னிடம் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசி வெகுகாலமாகியிருந்தது. அதனால்தான் பல்புக்குச் சம்மதித்தேன்.

நான் இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருடம் கிளாக்கராக இருந்தவன். ஓய்வு பெற்றதும் தோட்டத்தின் எல்லையில் பத்துப் பேர்ச் அளவில் ஒரு சின்னக் காணித் துண்டு வாங்கி, இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக வீடு கட்டினேன். மேலே தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயங்கள், கீழே சிங்களக் கிராமம், நடுவில் நாங்கள். மகன் ஒருவன்தான். படித்தான். கொழும்பில் கம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, அவன் தங்கியிருந்த லொட்ஜை ஒரு விடியற்காலையில் சுற்றி வளைத்து, அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் போனான். பதினொரு மாதம் உள்ளே இருந்தான். குற்றம் என்று எதையும் எழுதவில்லை. கோர்ட் விட்டது. விடும்போது ஒரு நிபந்தனை: மறு உத்தரவு வரும்வரை ஞாயிறுதோறும் காலையில் எங்கள் டவுன் பொலிசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்தவன் பின்னறையில் சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். இருட்டினாலும் விளக்குப் போடமாட்டான். நாங்கள் போட்டால் எழுந்து வந்து அணைப்பான். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவன் கைகளைப் பார்த்தேன். விரல் பத்தும் இருந்தன. நகம் எட்டுத்தான் இருந்தது.

ஞாயிறு கையெழுத்தால் அவனுக்குப் பூசை இல்லாமல் போயிற்று. எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்துக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அந்த நேரத்தில் மகன் பொலிஸ் வாங்கில், அந்த நீளப் பெஞ்சில், உட்கார்ந்திருப்பான். என் மனைவி இதைப் பொறுக்கவில்லை. “பூசைதான் இல்ல, நத்தாராவது வீட்டுல ஒழுங்கா இருக்கட்டும்” என்று கிறிஸ்மஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவனைச் சுவரிலிருந்து எழுப்பியவர் கீழ்க் கிராமத்து பாஸ்; கைத்தொழில்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களவர், மின்சார வேலை செய்கிறவர், என் வீட்டுக்கு வயர் இழுத்ததும் அவர்தான். புத்தர் பிறந்த வெசாக் மாதம் வந்தால் டவுன் சந்தியில் மூங்கில் கட்டி எழுப்புகிற பெரிய தோரணத்துக்கு அவர்தான் பல்பு போடுவார். தோரணத்தில் பல்புகள் ஓடுவது போலவும் சுழல்வது போலவும் தெரிவதற்குக் காரணம் ஒரு மர உருளை. அதன்மேல் செப்புத் தகடுகளை ஆணியடித்து மோட்டாரால் சுற்ற விடுவார்கள். தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும்; விலகினால் அணையும். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வெசாக்குக்குப் பத்து நாள் முன்பு பாஸ் விறாந்தைக்கு வந்து நின்றார்.

“கிளாக்கர் மாத்தயா, இந்தப் புள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சா பூஞ்சணம் புடிக்கும். எனக்கு ஏணி புடிக்க ஆள் இல்ல. அனுப்புங்க.”

“சந்தியில பொலிஸ் நிக்குது பாஸ்.”

“பொலிசுக்கு நான் சொல்றேன். புத்தர் வேலைக்கு வந்தவன யாரு புடிக்கிறது?”

மகன் தானாக எழுந்து சட்டையை மாட்டினான். தோரண வேலை முடிந்து வந்த அன்று அவன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

உருளைக்குப் பதிலாக ஒரு கம்பியூட்டரே பல்புகளை ஆட்டுவிக்கலாம் என்று பாஸிடம் சொன்னவன் அவன்தான். பாஸ் நம்பவில்லை. “செஞ்சு காட்டு, அடுத்த வெசாக்குக்கு என் உருளைய அடுப்புல வைக்கிறேன்” என்றார். டவுனில் மூடிப்போன டைப்பிங் கடையொன்றின் பழைய கம்பியூட்டரைச் சும்மா கேட்டு வாங்கி, தன் லொறியிலேயே ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார். அடுத்த வெசாக்குக்கு முன்னால் நத்தார் வந்தது. நத்தாருக்குச் செய்து பார்ப்பதென்று முடிவானது.

எங்கள் தோட்டங்களில் பாலன் குடில் கட்டுகிற முறை தனி. பெத்லகேம் எப்படியிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தோட்டம் தெரியும். அதனால் மண்ணைக் குவித்து, பாசி ஒட்டி, பயறு முளைக்கப்போட்டு ஒரு மலை செய்வோம். சவர்க்காரப் பெட்டிகளை, சோப்பு வந்த அட்டைப் பெட்டிகளை, வரிசையாக ஒட்டினால் லயம். பால்மா டின் ஸ்டோர், அதாவது ரப்பர் தொழிற்சாலை. உச்சியில் அட்டையில் செய்த துரை பங்களா. பாலன் பிறப்பது லயத்தின் கடைசிக் காம்பரா அறையில், ஒரு தனிச் சவர்க்காரப் பெட்டியில். என் மனைவி இருபத்தைந்து வருடமாக இதே மலையைத்தான் செய்கிறாள்.

மகன் ஒரு பலகையில் எட்டு ரிலேக்களைப் பொருத்தினான். ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்ச். கம்பியூட்டரின் பின்னால் பிரிண்டர் பூட்டுகிற இடத்திலிருந்து வயர் வந்து ஒவ்வொன்றையும் தட்டிவிடும். தட்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். ரிலே எட்டு என்பதால் வயரும் எட்டு. அதற்குமேல் அந்த மெஷினில் இடம் இல்லை.

“எட்டுக்கும் பேர் சொல்லுங்கப்பா” என்றான். “என்ன ஒழுங்குல எரியணும், எவ்வளவு நேரம்னு சொல்லுங்க. நான் அடிக்கிறேன்.”

தோட்டத்தில் எது முதலில் விழிக்கும் என்பது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சொன்னேன். ரோடு, மூன்று செக்கன். பாலம், மூன்று. லயம், ஐந்து. ஆட்களைப் பேர் பார்த்து வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களம், நான்கு. ஸ்டோர், ஆறு. ஆஸ்பத்திரி, இரண்டு. பங்களா, மூன்று. கடைசியில் பாலன், பத்து.

“பங்களாவுக்கு மூணுதானா?” என்றான் மகன். “தொர கோவிச்சுக்க மாட்டாரா?”

“முப்பத்து நாலு வருசம் குடுத்தது போதும்.”

அவன் சிரித்தான். நான் சொன்னது அவ்வளவு பெரிய பகிடி இல்லை. ஆனாலும் சிரித்தான். பேர்களை ஆங்கில எழுத்தில் அடித்தான். எதிரே செக்கன்களை அடித்தான்.

நத்தாருக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோட்டத்தைப் பொலிசார் சுற்றி வளைத்தார்கள். அந்தக் காலத்தில் அது புதிதல்ல. கொழும்பில் ஏதாவது நடந்தால் எங்கள் மலையிலும் தேடுவார்கள். காலை, நல்ல மழை. எங்கள் வீட்டுக்குள் ஆறு பேர் வந்தார்கள், வெளியே ஆறு பேர். மகன் அப்போதுதான் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்புகளை இன்னும் பூட்டவில்லை. ரிலேக்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

வந்தவர்களில் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றார். பலகையைப் பார்த்தார். அதிலிருந்து கிளம்பிச் சுவரோரமாக ஓடுகிற வயர்களைப் பார்த்தார். பிறகு திரையை வாசித்தார். ரோடு, மூன்று செக்கன். பாலம், மூன்று செக்கன். ஸ்டோர். ஆஸ்பத்திரி. பங்களா. அவர் கத்தவில்லை. ஒரு எட்டுப் பின்னால் வைத்து மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் அந்தத் திரை அவருடைய கண்ணில் எப்படித் தெரிந்தது என்று விளங்கியது.

மகன் எழுந்து இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைத்தான். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை. பிறகு சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டான். கிணற்றடிச் சுவரிலிருந்த பல் தூரிகையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். “போன தடவ இது இல்லாம கஷ்டப்பட்டேன்மா” என்று தாயிடம் சொன்னான். அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி அவன் எங்களுக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

ஜீப் போன திசையில் மனைவி செருப்பில்லாமல் வளைவு வரைக்கும் ஓடினாள். நான் குடையைத் தேடினேன். ஏன் குடையைத் தேடினேன் என்று தெரியாது.

பாஸும் நானும் பொலிசுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் மேசைமேல் மெஷினும் அந்தப் பலகையும் இருந்தன. சாக்கால் மூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். களைத்துப்போன மனிதர்.

“பாலன் யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“சேர்?”

“எட்டாவது பேர். பத்து செக்கன். மற்றதெல்லாம் இடம், இது ஆள். எங்கே இருக்கிறான்?”

“சவர்க்காரப் பெட்டியில், சேர்” என்றேன்.

பாஸ் என் காலை மிதித்தார். பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார்: தோரணம், உருளை, கிறிஸ்தவர்களின் குடில், இந்தத் தோட்டத்துக்காரர்களின் கிறுக்கு. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம்” என்றார். “ஆனால் நான் கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். பின்னேரம் ஆட்கள் வருவார்கள். அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் பிறகு எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்குள் உங்களால் எதைக் காட்ட முடியுமோ காட்டுங்கள்.”

பாஸ் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். “கொண்டுவருவோம்” என்றார். “மலைய முழுசா கொண்டுவருவோம்.”

இருபத்தைந்து வருடமாக வீட்டை விட்டு வெளியே போகாத மலையை அன்று த்ரீவீலில் ஏற்றினோம். மண்ணை விட்டுவிட்டோம். பாசி, பெட்டிகள், டின், பங்களா, பல்பு மாலைகள் எட்டு. மனைவி பாலனை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். பொலிஸ் விறாந்தையில் கையெழுத்துப் போட வருகிறவர்கள் உட்காருகிற நீள வாங்கு ஒன்று உண்டு. மகன் ஞாயிறுதோறும் உட்கார்ந்த வாங்கு. அதன்மேல் பாசியை விரித்து அவள் தோட்டத்தை அடுக்கினாள். மகனைக் கொண்டுவந்தார்கள். ஒரு கையை ஜன்னல் கம்பியோடு பூட்டி, மறு கையால் வயர் பூட்டச் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கப் பொலிஸ்காரர்கள் பதினான்கு பேர் கூடிவிட்டார்கள். சமையல்காரரும் கரண்டியோடு வந்து நின்றார்.

மகன் மெஷினைத் தட்டினான். ‘டக்’. ரோடு எரிந்தது. மூன்று செக்கன். ‘டக்’. பாலம் எரியவில்லை.

“பாலம் ஏற்கெனவே போய்விட்டதா?” என்றான் ஒரு கான்ஸ்டபிள். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

இந்தப் பல்பு மாலைகளில் ஒரு கெட்ட குணம் உண்டு. நாற்பதில் ஒன்று தளர்ந்தாலும் நாற்பதும் எரியாது. த்ரீவீல் குலுக்கலில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. எது என்று பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். நான் முழங்காலில் உட்கார்ந்தேன். மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மூன்றேகால். கொழும்பு ஆட்கள் எந்த வளைவில் வருகிறார்களோ. ஒன்று, இரண்டு, மூன்று என்று திருகினேன்.

“அப்பா, மெதுவா” என்றான் மகன். “ஒடச்சிறாதீங்க. வேற இல்ல.”

“தெரியும்டா.”

“பதறாதீங்க. நான் இங்கதானே நிக்கிறேன்.”

முப்பத்தோராவது பல்பு என் விரலுக்குக் கீழே அரைச் சுற்றுச் சுற்றியது. மாலை முழுக்க எரிந்தது. அவன் மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். ரோடு. பாலம். லயம். பெரட்டுக்களம். ஸ்டோர். ஆஸ்பத்திரி. பங்களா. ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து, கடைசியில் தனிச் சவர்க்காரப் பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது. சின்னப் பாலன், வலது காதில் பூச்சு உதிர்ந்தவர், பத்து செக்கன் தெரிந்தார். சமையல்காரர் கரண்டியைத் தாழ்த்தி “ஆனே, சுட்டி பபா” என்றார். ஐயோ, சின்னக் குழந்தை என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் தொலைபேசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து சாவியைக் கொடுத்துக் கையை அவிழ்க்கச் சொன்னார். “பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெஷினும் பலகையும் இங்கே இருக்கட்டும். ஞாயிறு கையெழுத்து அப்படியே” என்றார். அந்த நத்தாருக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தோம். மகன் பின்னறையில் சுவரோடு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மே மாதத்தில் வடக்கில் நடந்த சண்டை முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். ரோட்டில் கொடி பிடித்துக்கொண்டு லொறிகள் போயின. லயத்து ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். எங்களுக்குப் பயம் என்று இல்லை; வெளியே நின்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் பாஸ் வந்தார். விறாந்தையில் ஏறாமல் முற்றத்திலேயே நின்றார்.

“மாத்தயா, இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினாரு. வெசாக் தோரணத்த இன்னும் கழட்டல. அதுல நாட்டோட படம் வைக்கணுமாம். மாகாணம் மாகாணமா எரியணுமாம். புள்ளையோட மெஷின் வேணுமாம்.”

“உங்க உருள இருக்கே பாஸ்?” என்றாள் மனைவி.

“நானும் அததான் சொன்னேன் நோனா. கம்பியூட்டர்தான் வேணும்னாரு.” பாஸ் தலையைச் சொறிந்தார். “செஞ்சு குடுத்தா இனிமே கையெழுத்து வேணாமாம். ரிப்போர்ட்டும் சுத்தமா எழுதிக் குடுப்பாராம்.”

அந்த ரிப்போர்ட் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் அவனுக்கு இந்த வீட்டுப் பின்னறையைத் தவிர வேறு இடம் இல்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“போகாதடா” என்றாள் மனைவி. “கையெழுத்துத்தானே, போட்டுக்கிட்டே இரு.”

மகன் கேட்ட கேள்வி எங்களிடம் இல்லை, பாஸிடம்.

“பாஸ், மாகாணம் ஒம்பது. ரிலே எட்டுத்தான் இருக்கு. என்ன செய்யிறது?”

“ரெண்ட ஒண்ணா சேத்துறேன்.”

“எந்த ரெண்ட?”

பாஸ் விரலால் காற்றில் நாட்டுப் படத்தை வரைந்து, மேலே போனதும் கையை இறக்கினார். படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, ஒரே வயரில் சேர்க்க வசதியானது வடக்கும் கிழக்கும். அந்த இரண்டையும் சேர்ப்பதா பிரிப்பதா என்பதற்காகத்தானே இவ்வளவு காலமும் சண்டை போட்டார்கள். ஒரு தமிழன் அவை இரண்டையும் ஒரே வயரில் கட்டி டவுன் சந்தியில் ஏற்றினால், இந்த முறை பல் தூரிகை எடுக்கவும் நேரம் இருக்காது.

“அது வேணாம் புத்தா, மகனே” என்றார் பாஸ் கடைசியில்.

“எனக்குத் தெரியும்” என்றான் மகன். சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் நான் பார்க்கப் போனேன். மனைவி வரவில்லை. சந்தியில் நல்ல கூட்டம். நான் கடைசியில் பஸ் நிற்கிற இடத்தோடு நின்றேன். யாரோ ஒரு பெண்மணி தட்டிலிருந்து பாற்சோற்றுத் துண்டொன்றை எடுத்துக் கையில் வைத்தார். வாங்கினேன். தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

படம் தெற்கிலிருந்து எரியத் தொடங்கியது. எரிந்தது எதுவும் அணையவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போனது. ஏழாவதாகக் கிழக்கு எரிந்தது. வடக்கு மட்டும் இருட்டாக நின்றது. கூட்டம் சத்தமாக எண்ணத் தொடங்கியது, சிங்களத்தில், பத்துவரை. நானும் எண்ணினேன், நாக்கு தானாக எண்ணியது. பத்தில் வடக்கு மூன்று தடவை துடித்துவிட்டு எரிந்தது. உடனே நாடு முழுக்க அணைந்து அணைந்து எரிந்தது. ஆட்கள் கத்தினார்கள். மேடைக்குப் பின்னால் மகன் மெஷின் பக்கத்தில் நின்றான். அவன் படத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். “எத எதோட சேத்த?”

“நம்ம மாகாணத்தத் தெக்கோட சேத்துட்டேன்” என்றான். “யாரும் கவனிக்கல. நம்ம பக்கத்த யாரு தேடுறா?”

இன்ஸ்பெக்டர் சொன்னபடி செய்தார். அடுத்த ஞாயிறு கையெழுத்து இல்லை. அன்று சாமியார் வருகிற ஞாயிறு. மகன் விடிய எழுந்து, தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பூசைக்குப் போவான் என்று மனைவி தன் முக்காட்டை எடுத்தாள். அவன் பஸ் ரோடு வரைக்கும் நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தான். “போய்த்தான் பழகிருச்சும்மா” என்றான். சட்டையைக் கழற்றினான்.

ஒக்டோபரில் கத்தாருக்குப் போனான். குளிரூட்டி மெஷின் திருத்துகிற வேலை. வாசலில் தாய் அவன் கைகளைப் பிடித்து முத்தமிட்டாள். நகங்கள் வளர்ந்துவிட்டன, ஒன்று மட்டும் கோணலாக வளர்ந்திருந்தது. கம்பியூட்டரையும் பலகையையும் அவன் போன பிறகுதான் பொலிஸ் ஜீப்பில் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பரில் மனைவி மண்ணைக் குவித்துப் பாசி ஒட்டினாள். மெஷினைப் பூட்டச் சொன்னாள். தகரக் கூரை, ஈரம், வயர் என்று எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் சொன்னேன். “அவன் செஞ்சது. சும்மா கெடக்கணுமா?” என்றாள். பூட்டினேன். எட்டு மாலை, எட்டு ரிலே. இடம் மாறாமல் அவன் பேனாவால் எண் போட்டு வைத்திருந்தான். நத்தாருக்கு முந்தின பின்னேரம் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மெஷினைப் போட்டால் தானாக ஓடும் என்று மட்டும் அவன் சொல்லியிருந்தான். போட்டேன்.

‘டக்’. ரோடு எரிந்தது. மூன்று செக்கனில் அணைய வேண்டும். அணையவில்லை. பாலம் எரிந்தது. அதுவும் அணையவில்லை. லயம், பெரட்டுக்களம், ஸ்டோர் எல்லாம் எரிந்தபடியே நின்றன. பங்களா ஏழாவதாக எரிந்தபோது எனக்கு விளங்கியது. எட்டாவது இருட்டாக இருந்தது.

“ஏங்க, பாலன் ஏன் இன்னும் வரல?” என்றாள் மனைவி. அவள் சந்திக்கு வரவில்லையே. “பல்பு தளந்துருச்சா பாருங்க.”

“தளரல. வரும்” என்றேன். “எண்ணு.”

பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். அவர்கள் சத்தமாக எண்ணினார்கள், சந்தோஷமாக எண்ணினார்கள். பத்தில் சவர்க்காரப் பெட்டி மூன்று தடவை துடித்தது, பாலன் தெரிந்தார். உடனே தோட்டம் முழுக்க அணைந்து அணைந்து எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மனைவியும் தட்டினாள். “போன தடவைய விட நல்லா செஞ்சிருக்கான்” என்றாள்.

நத்தார் அன்று அவன் போன் பண்ணினான். தாய் பேசி முடித்துக் கையில் கொடுத்தாள்.

“லைட்டு எரிஞ்சிச்சாப்பா?”

“எரிஞ்சிச்சு.”

அவனுக்குப் பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“பழசு மேலேயே அடிச்சிட்டேன்பா. அன்னைக்குச் சந்தி வேலை அவசரம். தனியா எடுத்து வைக்கல.”

“பரவால்ல.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“இல்ல. அழகாயிருக்குன்னு சொன்னா.”

“நம்ம ஒழுங்கு உங்களுக்கு ஞாபகம் இருக்குதானே?”

ரோடு மூன்று, பாலம் மூன்று, லயம் ஐந்து என்று போனிலேயே சொல்லத் தொடங்கினேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பங்களா மூன்று என்றபோது அன்றைக்குப் போல் சிரிப்பான் என்று ஒரு நிமிடம் நிறுத்தினேன். சிரிக்கவில்லை. பாலன் பத்து என்று சொல்லி முடித்தேன். காசு முடிந்து லைன் அறுந்திருந்தது. எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியவில்லை.